இணையத்தில் கூட விளையாடுபவர்கள் ஆபத்துக்கு வருவார்களா?

3 நவம்பர் 2024, இரவு 9:40

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "இணையத்தில் கூட விளையாடுபவர்கள் எல்லாம் வெறும் பெயர்கள். நாளைக்கு வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?"

நான் இருக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன்.

நான் லிச்செஸ் என்கிற செஸ் இணையதளத்தில் கரஸ்பாண்டன்ஸ் ஆட்டம் ஆடுகிறவன். தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்தில் தபால் அட்டையில் நகர்வு எழுதி அனுப்புவார்களே, அதே செஸ்தான், இப்போது திரையில். அதிகபட்சமாக ஒரு நகர்வுக்கு 14 நாள் வைத்துக்கொள்ளலாம். அந்த 14 நாளுக்குள் நகர்த்தவில்லை என்றால் தோல்வி. விடுப்பு எடுக்கிற வசதி அங்கே கிடையாது. எங்கள் கூட்டம் சின்னது, எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். விருதுநகர், கோவை, நாகர்கோவில், யாழ்ப்பாணம், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறோம். முகம் பார்த்துப் பழகியவர்கள் இல்லை.

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கூட்டத்தின் அரட்டையில் ஒரே ஒரு வரி போட்டேன்: "அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, எல்லா ஆட்டத்தையும் விட்டுவிடுகிறேன், மன்னிக்கவும்." 11 ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக ரிசைன் செய்ய ஆரம்பித்தேன். மூன்று முடிந்திருக்கும், யாழ்ப்பாணத்து அண்ணாவிடமிருந்து செய்தி வந்தது.

"ரிசைன் பண்ணாத தம்பி. என்ர பக்கம் பதினாலு நாள் கிடக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. மறுநாள் காலையில்தான் புரிந்தது. மிச்சமிருந்த எட்டு ஆட்டத்தில் ஐந்தில் அவர்கள் நகர்த்த வேண்டிய முறை. ஐந்து பேரும் நகர்த்தவே இல்லை. பதிலை யோசித்து வைத்துக்கொண்டு, 13 நாள் முழுக்கத் தங்கள் கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசி நாளில்தான் நகர்த்தினார்கள். அதற்கு அப்புறம்தான் என் 14 நாள் ஆரம்பிக்கும். அப்படியே மறுபடியும். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு ஒரு நகர்வு. தங்கள் நேரத்தை எனக்குக் கொடுத்தார்கள். இதற்கு நான் இதுவரை ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

3 நவம்பர், இரவு 11:15

மிச்சம் மூன்று ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அந்த மூன்றிலும் என் கடிகாரம்தான் ஓடியது. கோவைக்காரர் ஒரு யோசனை சொன்னார். எதிராளி இதை ஆடினால் இதை ஆடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற வசதி அங்கே உண்டு. அதைப் போட்டு வைத்தால் தினமும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றில் அவசரத்தில் ராணியை அப்படியே வெட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நர்ஸ் கூப்பிட்டார், பார்க்காமல் விரலை வைத்துவிட்டேன். எதிரே ஆடியவர் கல்லூரிப் பையன், மதுரைதான். ஆட்டத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் எழுதினான்: "அண்ணா, திரும்ப எடுத்துக்கோங்க. கேளுங்க, நான் ஓகே கொடுக்கிறேன். இது நீங்க ஆடின மூவ் இல்ல." எடுத்துக்கொண்டேன். அது புள்ளிக் கணக்கு உள்ள ஆட்டம். அந்தப் பையனுக்கு வெற்றி கைமேல் இருந்தது.

4 நவம்பர், காலை

ரத்தம் கொடுத்தார்களா, அதைச் சொல்லுங்கள் என்கிறார் ஒருவர். சொல்கிறேன், ஆனால் நோயைச் சொன்னால்தான் அது புரியும்.

முதலில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். அப்புறம் கையில் நீலம் பாரித்த தடிப்புகள். பக்கத்துத் தெரு டாக்டர் பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றினார், கழற்றினால் சுற்றிய இடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள், 11 ஆயிரம். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. ரத்தப் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகிற வகைகளில் ஒன்று இது. ஆனால் முதல் சில வாரம் ஆபத்து. ரத்தம் உறைகிற ஏற்பாடே குலைந்துபோய், மூளையிலோ நுரையீரலிலோ கசிந்தால் முடிந்தது. அந்த வாரங்களைத் தாண்டிவிட்டால் பிழைத்துவிடலாம். தாண்ட வேண்டுமென்றால் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். பிளேட்லெட் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரே ஆளிடமிருந்து எடுக்கிறதை எஸ்.டி.பி. என்பார்கள். கையில் ஊசி, ரத்தம் மெஷினுக்குள் போகும், பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பும். ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எடுத்ததைச் சேர்த்து வைக்கவும் முடியாது. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கிற தட்டில் வைக்க வேண்டும். அதுவும் ஐந்து நாள்தான். ஆக, இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கு அல்லது நேற்றைக்கு ஒருவர் வந்து கொடுத்திருக்க வேண்டும்.

சொந்தக்காரர்களில் இரண்டு பேர் வந்தார்கள். மெஷினைப் பார்த்ததும் ஒருவர் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

கூட்டத்தில் நான் கேட்கவில்லை. கோவைக்காரர்தான் "என்ன குரூப்?" என்று கேட்டார். பி பாசிட்டிவ் என்றேன். அன்று சாயங்காலமே அவர் ஒரு பட்டியல் போட்டுவிட்டார். யார் யார் பி பாசிட்டிவ், யார் மதுரைக்குப் பக்கம், யார் எந்தத் தேதியில் வர முடியும் என்று, டோர்னமென்ட் அட்டவணை மாதிரி. முதல் ஆள் விருதுநகர்ப் பையன், லேத் பட்டறையில் வேலை. இரண்டாவது, ராணியைத் திருப்பிக் கொடுத்த கல்லூரிப் பையன். அப்புறம் திண்டுக்கல், தேனி. நான்கு பேர் கொடுத்தார்கள்.

விருதுநகர்ப் பையன் கொடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பாதி நேரத்தில் "அண்ணே, உதடு ஜிவ்வுனு இருக்கு" என்று சிரித்தான். ரத்தம் உறையாமல் இருக்க மெஷினில் கலக்கிற மருந்து உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் அப்படி இருக்கும் என்று டெக்னீஷியன் சொல்லி ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தார். பை நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் மாதிரியே இருக்காது. வைக்கோல் நிறம். கலங்கலாக, பழைய கஞ்சித் தண்ணீர் வெயிலில் பட்டால் இருக்குமே, அந்த மாதிரி. அந்த நிறத்தை இப்போதும் எங்கே பார்த்தாலும் நின்றுவிடுகிறேன்.

5 நவம்பர்

மருந்து என்ன என்று கேட்டவருக்கு: ஒன்று, வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிற மாத்திரை. இன்னொன்று ஆர்செனிக் டிரை ஆக்சைடு, தினமும் இரண்டு மணி நேரம் டிரிப்ஸ். சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்கிறார்களே, அதேதான். இதயத் துடிப்பில் கோளாறு வராமல் இருக்க அடிக்கடி இ.சி.ஜி. எடுப்பார்கள், பொட்டாசியம் பார்ப்பார்கள். தானாக யாரும் நெருங்கக் கூடாத பொருள்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தாத்தா நாட்டு வைத்தியம் பார்த்தவர், அவளே பையில் ஒட்டியிருந்ததைப் பற்றி நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "பாஷாணத்தையாடா ஏத்துறாங்க? சரி, ஏத்தட்டும். எங்கப்பா இருந்திருந்தா அளவு சரியானு பார்த்திருப்பாரு" என்றாள்.

7 நவம்பர்

ஒரு திருத்தம், முக்கியமானது.

நான்கு பேர் கொடுத்தார்கள் என்று எழுதிவிட்டேன். கோவைக்காரர் நேற்று ராத்திரி போன் செய்தார். "நாகர்கோவிலை எப்படி விட்டே?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நாகர்கோவில்காரர் ராத்திரி பஸ் ஏறி, 240 கிலோமீட்டர், விடிகாலையில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், கையில் மஞ்சள் பை. பரிசோதனைக்கு முன்னால் கேட்கிற கேள்விகளில், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டீர்களா என்று ஒன்று வரும். ஆஸ்பிரின் போட்டால் பிளேட்லெட் இருக்கும், வேலை செய்யாது. முந்தின நாள் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டேன் என்றார். அட்டையைப் பார்த்தால் ஆஸ்பிரின். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மனிதர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, "கேட்டுட்டுப் போட்டிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. "போய் எங்காவது படுங்க, நான் இருக்கேன்" என்றார். அன்று பகலும் ராத்திரியும் அம்மா வார்டு வாசலில் அவர் இருந்தார். மருந்துச் சீட்டு வந்தால் வாங்கிக்கொண்டு வந்தார். நான் வராந்தா மூலையில் துண்டை விரித்து ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

ஊருக்குப் போனவர் ஐந்தாவது நாள் மறுபடியும் வந்தார். மறுபடியும் 240 கிலோமீட்டர். அன்றைக்குக் கொடுத்தார். ஆக ஐந்து பேர். அவரைப் பெஞ்சில் உட்கார்ந்தவராகவே என் மனசு வைத்துக்கொண்டிருக்கிறது போல, கொடுத்தவர் கணக்கில் சேர்க்கவில்லை. நன்றி சொல்ல ஆரம்பித்த இடத்திலேயே இப்படி ஒரு பிழை. மன்னிக்க வேண்டும்.

10 நவம்பர்

சொந்தக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சித்தப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை.

முதல் வாரம் வராந்தாவில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "ஆத்தா அங்க ரத்தம் கக்கிட்டுக் கெடக்கா, இவன் இங்க செல்லுல வெளையாடிக்கிட்டு இருக்கான்." நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் நான் ஆடிக்கொண்டிருக்கவில்லை, கோவைக்காரரின் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆடவே இல்லை என்று சொன்னால் பொய். சில ராத்திரிகளில் ஆடினேன். அந்த எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் மட்டும்தான் அடுத்து என்ன வரும் என்று யோசித்துப் பார்க்க முடிந்தது.

மறுநாள் விருதுநகர்ப் பையன் வந்து சித்தப்பாவிடமே என் பெயரைக் கேட்டிருக்கிறான். என்ன உறவு என்று விசாரித்திருக்கிறார். "செஸ் ஆடுவோம் ஐயா" என்றிருக்கிறான். சித்தப்பா அவனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பிறகு வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் அவர்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்.

17 நவம்பர்

செஸ் ஆடுகிறவர்கள் ஒருவிதம், சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் இப்படி இருப்பார்களா என்று ஒருவர். இருந்திருக்கிறார்கள். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். டுஷேன் என்கிற தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. வீட்டிலேயே உட்கார்ந்து 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடுவார், அங்கே அவர் பெயர் இபெலின். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். மகனுக்கு நட்பே வாய்க்கவில்லை என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலைப்பூவில் அப்பா இறப்புச் செய்தியைப் போட்டார். அதற்கு அப்புறம் கடிதம் கடிதமாக வர ஆரம்பித்தது. இந்தப் பையன் எங்கள் துக்கத்தைக் கேட்டான், என் குழந்தையோடு நான் பேச வழி சொன்னான் என்றெல்லாம். கூட ஆடியவர்கள் வேறு நாடுகளிலிருந்து அடக்கத்துக்கு வந்தார்கள்.

அந்த அப்பாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம் வரும். நோய் வருவதற்கு முன்னால் அவள் என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்வது இதுதான்: "அவனுக்கு ஆளுகளே கெடையாதுக்கா, போனும் அவனும்தான்."

24 நவம்பர்

பணம் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இல்லையா, நீங்கள் சொல்வதை நம்பி யாராவது மாட்டிக்கொண்டால் என்கிறார் ஒருவர். நியாயமான பயம். எங்கள் கூட்டத்தில் பணப் பேச்சு வரவில்லை. டொராண்டோ அக்கா ஒரு தடவை அனுப்பட்டுமா என்று கேட்டார், காப்பீடு இருக்கிறது, வேண்டாம் என்றேன். அவர் அதோடு விடவில்லை.

எனக்கு விடிகாலை 3 மணி என்றால் அப்போது அவருக்குச் சாயங்காலம் 5:30. வேலை முடிந்து ரயிலில் வருகிற நேரம். நான் விழித்திருப்பது தெரிந்தால் பத்து நிமிட ஆட்டத்துக்குக் கூப்பிடுவார். அவர் என்னைவிட நன்றாக ஆடுவார், ஒரு ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் "காய்ச்சல் இருக்கா? சாப்பிட்டீங்களா?" என்று இரண்டே கேள்வி. இப்படி இருபது ராத்திரியாவது இருக்கும். அம்மாவுக்கு இரண்டாவது வாரத்தில் மூச்சுத் திணறல் வந்த ராத்திரியும் அதில் ஒன்று. இந்த மருந்து ஆரம்பிக்கும்போது அப்படி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், ஸ்டீராய்டு போட்டுச் சரி செய்தார்கள். நான் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் என் நேரம் முடிந்து தோற்றிருந்தேன், பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: "இங்கேயே இருக்கிறேன்."

13 டிசம்பர்

நேற்று சிங்கப்பூரில் குகேஷ் ஜெயித்துவிட்டார்! 14-வது ஆட்டம், கறுப்புக் காய், டிங் லிரென் 55-வது நகர்வில் யானையை எஃப் 2-க்குக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை. 18 வயதில் உலக சாம்பியன். கூட்டத்தின் அரட்டை ராத்திரி பூராவும் ஓய்வே இல்லாமல் ஓடியது.

இதை இங்கே எழுதக் காரணம் அம்மா. டி.வி.யில் அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காய்களைத் திரும்ப அடுக்கி வைப்பதைப் பார்த்தாள். "ஜெயிச்ச பிறகும் அடுக்கி வைக்கிறான் பாரு" என்றாள். அவளுக்கு இப்போது காய்கள் எல்லாம் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், பாஷாண டிரிப்ஸ்.

முதல் கட்டம் முடிந்து 36-வது நாள் வீட்டுக்கு வந்தோம். அப்புறம் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் டிரிப்ஸ், பிறகு நான்கு வாரம் ஓய்வு. 2024 ஏப்ரல் வரைக்கும் போனது. தினமும் அந்த இரண்டு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் நான் போனோடு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டி, "அதைக் காட்டு" என்றாள். கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடி இல்லை, அதனால் போனைத் தள்ளித் தள்ளிப் பிடித்தாள்.

"இந்தக் குதிரைய ஏன்டா மூலையில கட்டி வச்சிருக்க?"

எனக்கு அந்த ஆட்டத்தில் இரண்டு நாளாக வழி தெரியாமல் இருந்தது. குதிரையை வெளியே எடுத்தேன். அதிலிருந்து அந்த ஆட்டம் எனக்குச் சுலபமாயிற்று. எதிரே ஆடிய தேனிக்காரரிடம் இது யாருடைய நகர்வு என்று சொன்னேன். அவர் ரிசைன் செய்யும்போது "அம்மாவிடம் தோற்றேன்" என்று எழுதினார். அதை வாசித்துக் காட்டினேன். யாருடா அது என்று கேட்டாள். உனக்குப் பிளேட்லெட் கொடுத்தவரம்மா என்றேன். "அவரையாடா தோக்கடிச்ச?" என்று என்னைத் திட்டினாள்.

5 ஜனவரி 2025

யாழ்ப்பாணத்து அண்ணாவோடு அந்தப் பழைய ஆட்டம் போன வாரம்தான் முடிந்தது. 2023 ஜூலையில் ஆரம்பித்தது. எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், இரண்டு பேருக்கும் ஒவ்வொரு யானை. அவர் பிலிடோர் தற்காப்பைப் பிடித்துக்கொண்டார். 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் கண்டுசொன்ன முறை: ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் நிறுத்திவிட்டு, யானையைத் தன் பக்கத்து மூன்றாம் வரிசையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருப்பது. எதிராளி சிப்பாயை முன்னால் தள்ளுகிற வரைக்கும் வேறு எதுவும் செய்யக் கூடாது. தள்ளியதும் யானையை எதிராளி பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருப்பது. டிரா.

முடிந்ததும் கேட்டேன். அந்த முதல் மாதத்தில் நீங்கள் 14 நாள் காத்திருந்தீர்களே, மறந்துபோய் நேரம் தாண்டிவிட்டால் உங்களுக்குத் தோல்வியாயிற்றே, பயமாக இல்லையா என்று.

"மனிசிட்டச் சொல்லி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சனான். பதிமூண்டாம் நாள் காலமை அவ தேத்தண்ணியோட ஞாபகப்படுத்துவா. சண்டைக் காலத்தில ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டனான் தம்பி, அங்க நேரம் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் மனைவி, அந்த அக்காவுக்கும் என் நன்றியில் பங்கு உண்டு. எனக்கு அவர் இருப்பதே இப்போதுதான் தெரியும்.

18 ஜனவரி 2025

கேட்டவர்களுக்காக: நோயின் மரபணுத் தடயம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, போன மாதம் எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையிலும் நோய் இல்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

நாளைக் காலை நாகர்கோவில் போகிறோம். அவர் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாவும் வருகிறார். விருதுநகர்ப் பையன் வழியில் ஏறிக்கொள்வான். மூன்று நாளாக அம்மா முறுக்கு சுடுகிறாள், எட்டு டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பெயர். டொராண்டோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எப்படி அனுப்புவது என்று நான்தான் பார்க்க வேண்டும். நாகர்கோவில் டப்பா மட்டும் பெரியது. மூடியைப் போட்டு அழுத்திவிட்டு அம்மா சொன்னாள்: "அவருட்டச் சொல்லிரு, இதை மாத்திரை போட்டுட்டும் சாப்பிடலாம்னு."